உன் அப்பாவின் தாடியை நான் எடுத்த வெள்ளிக்கிழமை

நாடியில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரியும் என் மகனுக்கு, செம்பூரிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தாராவியில் பிறந்த பிள்ளைக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு, மராத்தியில் சண்டைகூடப் போடுவாய். தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் சாயா ஆறிப்போகும். அதனால் மருமகளே, நீதான் இதைச் சத்தமாக அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் உனக்கு மேலே வாசிக்க மனசு வராமல் போகலாம். அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதே, அதையும் சேர்த்தே வாசி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் இருப்பது கூடத்தில், அதற்கு நாலடி தள்ளி உன் மாமனாரின் நாற்காலி. இத்தனை வருஷம் அவரிடமே சொல்லாத ஒன்றை அவர் காதுபட போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகனே, ஞாயிற்றுக்கிழமை நீ பூனாவிலிருந்து பேசியபோது எவ்வளவு உற்சாகமாக இருந்தாய்! இத்தனை காலம் வழித்த கார்ட்ரிட்ஜ் ரேசரைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அதனால் கழுத்தெல்லாம் பொரிப் பொரியாக வருகிறது, பழைய மாதிரி ஒற்றை பிளேடு போடும் இரும்பு ரேசர் வாங்கியிருக்கிறேன், பிரஷ்ஷும் கிண்ணத்துச் சோப்பும் வாங்கியிருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாய். அப்புறம் குரல் இறங்கி, "ஆனா மூணு எடத்துல வெட்டிடுச்சும்மா, கழுத்து வேற எரியுது. அப்பா எப்படிப் பண்ணுவாங்கன்னு கேட்டுச் சொல்லேன்" என்றாய். நான் ரிசீவரை மூடிக்கொண்டு கேட்டேன். உன் அப்பா பேப்பரை இறக்காமலே, "எனக்கு என்ன தெரியும்? அவனை உன்கிட்ட கேக்கச் சொல்லு. ரேசர் பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான" என்றார். நீ அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தாய். கேலி இல்லை.

பிறகுதான் நீ மெதுவாக இன்னொன்று கேட்டாய். இவளுக்கு நாலாம் மாதம் ஆகிறதே, குழந்தை பிறக்கும்வரை மாப்பிள்ளை முகத்தில் பிளேடு வைக்கக் கூடாது, தாடிதான் வளர்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்களாம். "புது ரேசர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகலை. நீ என்னம்மா சொல்ற?" என்றாய். "பிறகு சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகுதான் இது. நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்து, இன்றைக்குத்தான் ஒருவழியாகப் பேனா ஓடுகிறது.

ரேசர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைக் கேட்பதற்குள் நீ கழுத்தை அறுத்துக்கொள்வாய். கார்ட்ரிட்ஜ் பிடித்துப் பழகின கைக்கு இருக்கிற ஒரே வியாதி அழுத்துவது. அதில் பிளேடெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பதுங்கியிருக்கும், நீ எப்படி இழுத்தாலும் அதன் தலை உனக்காக வளைந்து கொடுக்கும். இரும்பு ரேசர் வளையாது, உன் கைதான் வளைய வேண்டும். கைப்பிடியை நுனியில் இலேசாகப் பிடி. அதன் தலையின் கனமே முடியை எடுத்துவிடும். தலையைக் கன்னத்தோடு தட்டையாக வைத்துக்கொண்டு கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கு. எந்த இடத்தில் முடி அறுபடுகிற சத்தம் கேட்கிறதோ அங்கே நிறுத்து, அதற்கு மேல் சாய்க்காதே. ஒரே இழுப்பில் காது முதல் நாடி வரை போகலாம் என்று ஆசைப்படாதே, அரை விரற்கடை, அரை விரற்கடையாகப் போ. வழிப்பதற்கு முன்னால் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார். நுரை காய்ந்த இடத்தில் பிளேடு போகக் கூடாது. கடைசியில் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரம். கழுத்து எரிகிறது என்றாயே, எரிவது இடது பக்கம்தானே? காதுக்குக் கீழே, தொண்டைக்குப் போகும் வழியில்? அங்கே விரலால் தடவிப் பார், முடி மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சுழித்துக்கொண்டு படிந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் பின்கழுத்திலிருந்து முன்பக்கமாகக் கொண்டு வா. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? அதே இடத்தில் உன் அப்பாவுக்கும் அந்தச் சுழி உண்டு. அவர் ரத்தத்தைப் பார்த்துத்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். நானும் உன் அப்பாவும் தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். அவர் முதலில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று கால் விரலெல்லாம் வெந்துபோயிருக்கும். பிறகு யார் யார் கையையோ பிடித்து செம்பூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். சீருடை, கேன்டீன், ஓய்வு நாள் எல்லாம் உள்ள வேலை. முதல் நாள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது எங்கள் வரிசையே வாசலுக்கு வந்து பார்த்தது. அந்தக் காலத்தில் அவர் ரேசரைத் தொட்டதே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சலூனில் போய் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். பக்கத்துச் சுனாபட்டியில் இருந்த உன் பெரிய மாமா எங்கள் கல்யாணத்துக்கு ஒரு சவர செட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். தகரப் பெட்டிக்குள் ரேசரும் பிரஷ்ஷும் ஒரு கட்டு பிளேடும். அது டிரங்குப் பெட்டியின் அடியில் என் கூறைப்புடவையோடு கிடந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை தங்கியது. அது உனக்குத் தெரியாது. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. போவதற்கு நாலைந்து நாள் முன்பு மாதுங்காவில் ஒரு கல்யாணம், உன் அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டில். புள்ளைத்தாய்ச்சி புருஷன் சவரம் பண்ணக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உன் அப்பாவும் இரண்டு மாதமாகப் பண்ணாமல்தான் இருந்தார். கல்யாண வீட்டுக்கு இப்படியா போவது என்று சலூனில் போய் வழித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாக இருக்கிறாரே என்றுகூட நினைத்தேன். அந்த வாரமே வலி கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். அவர் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அன்னைக்கு நீங்க முகத்துல கத்தி வச்சிய. என் பிள்ளை போயிட்டு."

அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள், இது பலருக்கும் நடப்பது, யார் செய்ததாலும் இல்லை என்று. அது என் காதில் ஏறவில்லை. யாராவது ஒருவர் மேல் போட்டால் கொஞ்சம் இறங்கும்போல இருந்தது, பக்கத்தில் இருந்தவர் அவர். மகனே, நான் உன் அப்பாவை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. சொன்ன வாயை நான் பிறகு ஒருநாளும் திறந்து, அது தப்பு என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நீ வயிற்றில் வந்தாய். தெரிந்த அன்றைக்கே அவர் கையைப் பிடித்து என் வயிற்றின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினேன். பிள்ளை வெளியே வருகிறவரை முகத்தில் இரும்பு படாது என்று. கேட்ட உடனே செய்துகொடுத்தார். தாடி வளர்ந்தது. ஐந்தாம் மாதத்தில் கழுத்தை மறைத்தது. தண்ணீர்க் குழாயில் நிற்கும் பெண்கள் எல்லாம், "அண்ணன் எந்த மலைக்குப் போறாவ?" என்று கேலி பேசுவார்கள். எனக்கு அந்தத் தாடியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு குளிரும். அந்த நேரத்தில்தான் ஆலையில் அவரைக் காஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஆறு மாதம் நின்றால் நிரந்தரம். வேலை, குழாய்களில் வால்வு பார்ப்பது. அமோனியா கசிந்தால் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் மூட வேண்டும். முகமூடியின் ரப்பர் விளிம்பு கன்னத்தோடு ஒட்ட வேண்டும், நடுவில் முடி இருந்தால் ஒட்டாது. மராத்திக்கார ஃபோர்மன் முதல் நாளே, "தாடி நஹி சலேகா", தாடி இங்கே ஆகாது, என்றாராம். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வேலையா சத்தியமா என்று அவர் கேட்கவே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லுவேனா என்றுதான் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாடி பற்றி எரிகிறபோது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டானாம் ஒருவன், அப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது. மருந்துக் கடைக்குப் போய் ஒரு பெரிய டப்பா வாசலின் வாங்கிக்கொண்டு வந்தேன். தாடியைக் காதோரத்தில் சீப்பால் கொஞ்சம் ஒதுக்கி, வாசலினை அப்பிப் படிய வைத்துவிட்டேன். "இப்ப ரப்பர் ஒட்டும் பாருங்க" என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஃபோர்மன் சோதனை வைத்தாராம். முகமூடியை மாட்டச் சொல்லி, அமோனியாத் தண்ணீரில் நனைத்த பஞ்சை விளிம்போரம் காட்டி, வாசம் வருகிறதா என்று கேட்பார்கள். வந்தது. உன் அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டார். எனக்காக ஆட்டிய தலை அது. வீட்டுக்கு வந்து, "ஒட்டுச்சு" என்றார். நானும் நம்பினேன், அல்லது நம்ப ஆசைப்பட்டேன். இருபது நாள் தினமும் காலையில் நானே வாசலின் பூசி அனுப்பினேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கோவண்டியிலிருந்து வேலைக்கு வருகிற காதர் அண்ணன் உன் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். காயல்பட்டணத்துக்காரர், ஆலையின் ஸ்டோரில் இருந்தார், எங்களுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. உன் அப்பாவின் இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. இருமல் நிற்கவில்லை. வால்வு மூடப் போனவர், மூடிவிட்டார், திரும்பி வருகிற வழியில் விழுந்துவிட்டார். ஆட்கள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். காதர் அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார். எப்போதும் சிரித்த முகம், அன்றைக்குக் கோபத்தில் உதடு துடித்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன். அந்த எண்ணெயை யாரு தேச்சுவிட்டது?"

"நான்தான்ணே."

"என் தாடியைப் பாத்தியளா? இது இருக்கதுனாலதான் நான் ஸ்டோர்ல சாமான் எண்ணிட்டு இருக்கேன். காஸ் பக்கம் என்னைய விடமாட்டான், நானும் போகமாட்டேன். மாஸ்க்கும் தாடியும் ஒரு மூஞ்சில இருக்காது. இன்னும் ரெண்டு நிமிஷம் உள்ள கெடந்திருந்தா உங்க பிள்ளைக்கு வாப்பா இல்ல. ஃபோர்மன் கிட்ட கெஞ்சி வச்சிருக்கேன். திங்கக்கெழமை தாடி இல்லாம வந்தா வேலை, இல்லன்னா பேரை வெட்டிருவான். இவன் வேலை போனா போவட்டும்னு நெனைச்சியன்னா அதையாவது சொல்லிருங்க. உசுரோட இருப்பான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கண்கட்டை அவிழ்த்து மருந்து விட்டேன். கண் கோவைப்பழமாக இருந்தது, வெளிச்சம் பட்டால் நீராகக் கொட்டியது. "என்னங்க, தாடியை எடுத்துருங்க" என்றேன். "வேண்டாம்" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். "சத்தியம் பண்ணியிருக்கேன்லா. நான் முகத்துல கத்தி வைக்க மாட்டேன். தோல் வேலைக்கே திரும்பிப் போயிருதேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னுடைய அந்த ஒரு வார்த்தையை இவர் ஒரு வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிறார். இவர் நினைப்பில் முதல் பிள்ளையை இவர்தான் கொன்றார். இரண்டாவதையும் கொல்லாமல் இருப்பதற்காகத்தான் விஷக்காற்றுக்குள் போய் நின்றிருக்கிறார்.

"சத்தியம் என்கிட்டதான பண்ணிய? அதை நானே திருப்பி எடுத்துக்கிட்டேன். நீங்க கத்தி வைக்க வேண்டாம். நான் வைக்கேன்" என்றேன்.

"ஏட்டி, இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றார்.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சவரம் நம் ஆட்களில் யாரும் செய்யமாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமை வரை காத்திருந்தால் என் தைரியம் ஓடிப்போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். உரலுக்குள் தலையை விட்டபிறகு உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய? சலூனுக்கு அந்தக் கண்ணோடு நடக்க முடியாது. கதவைச் சாத்தினேன். ஆறு மாத வயிற்றோடு குனிந்து டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மாமாவின் தகரப் பெட்டியை எடுத்தேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதம், எழுத்தெல்லாம் இங்கிலீஷ், நல்லவேளையாகப் படமும் இருந்தது. ரேசரின் இரண்டு தகட்டையும் முதலில் தலைகீழாக மாட்டிவிட்டேன், பிளேடு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. மறுபடி கழற்றி, படத்தைப் பார்த்து மாட்டினேன். முதலில் என் முன்கையில் இழுத்துப் பார்த்தேன். பிறகு துணி வெட்டும் கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டினேன். வெந்நீர்த் துண்டு, சோப்பு, நுரை. அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, எதிரே முக்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். என் வயிறு அவர் முழங்காலில் முட்டியது.

முதல் இழுப்பில் மீன் செதில் உரசுகிற மாதிரி அழுத்தி உரசிவிட்டேன். வலது கன்னத்தில் ரத்தம். அவர் கண்ணை மூடியபடியே, "எதுக்கு அந்த அமுக்கு அமுக்குத? நான் எங்கேயும் ஓடலியே" என்றார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் என்னைக் கேலி செய்தது அப்போதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையை இளக்கினேன். தானாகவே வழித்தது. இடது கழுத்துச் சுழியில் இரண்டு தடவை வெட்டினேன், நாடிக் குழியில் ஒன்று, காது மடலுக்குக் கீழே ஒன்று. மொத்தம் ஐந்து வெட்டு. மூன்றுக்கே நீ பூனாவிலிருந்து போன் போடுகிறாய். பாதியில் நீ உள்ளே ஓர் உதை விட்டாய். அவர் முழங்கால் அங்கே இருந்ததால் அவருக்கும் தெரிந்தது. நான் பிளேடை எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. மறுபடி உதைத்தாய். "ஏன் நிறுத்திட்டன்னு கேக்கான்" என்றார் உன் அப்பா. நான் மீதியை வழித்தேன்.

திங்கட்கிழமை காதர் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனார். முகமூடி கன்னத்தில் கப்பென்று ஒட்டியது, பஞ்சு வாசம் துளி வரவில்லை என்று சாயங்காலம் சொன்னார். இந்தத் தடவை நான் அவர் கண்ணைப் பார்த்து, "சத்தியமா?" என்று கேட்கப்போய், அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "நெசமா?" என்று கேட்டேன். குழாயடியில் பெண்கள் விடவில்லை. ஏழாம் மாதம் பிறக்கப்போகிறது, தாடியை யார் எடுத்தது என்று ஒரே கேள்வி. கம்பெனி டாக்டர் காயத்துக்கு மருந்து போட எடுத்துவிட்டார் என்று ஒரு பொய் சொன்னேன். அந்த டாக்டரை நம் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாவம். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் வழித்துவிட்டேன். பிறகு அவர் கையைப் பிடித்து நான் காட்டிக்கொடுத்தேன்.

ஆனால் நான் பெரிய தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. மீதி மூன்று மாதமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். நீ அரைநாள் அசையாமல் கிடந்தால், பிளேடு பிடித்த இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த முறை யாரையும் சொல்ல முடியாது, பண்ணியது நான். அப்போதுதான் அவருடைய ஒரு வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. நீ பிறந்த நாள் அவர் காலை ஷிப்ட் முடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் உன்னைத் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். நீ முகத்தைச் சுளிக்கவில்லை, அங்கேயே தூங்கிப்போனாய். அவர் அழுதார், நானும் அழுதேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவோடு சண்டைக்குப் போகாதே. அவர்களும் பயத்தில்தான் சொல்கிறார்கள், அந்தப் பயம் எனக்கு அத்துப்படி. நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன், தாடி வளர்த்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது. வழித்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உனக்கும் அவளுக்கும் எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள், பெரியவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கம்பெனி டாக்டர் பொய்யையும் இனிமேல் நானே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் உங்கள் இரண்டு பேரிடமும் கேட்பது வேறு. மருமகளே, இந்த இடத்தை நிறுத்தி வாசி. நல்லபடியாகத்தான் நடக்கும், என் மனசு சொல்கிறது. ஆனால் என்ன நடந்தாலும், இது உன்னால், அது உன்னால் என்று ஒருத்தர் மேல் ஒருத்தர் போட்டுவிடாதீர்கள். ஒருவர் வயிற்றிலும் தலையிலும் கை வைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். எனக்கு அந்த முதல் பிள்ளை போனது யாராலும் இல்லை. இதை நான் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, இதை அவருக்குத் தெரியாமல் தபாலில் போடுவது நியாயமில்லை என்று தோன்றியது. நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கஞ்சி ஆற்றிய இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். காகிதத்தை மடியில் வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நீ கத்தியைக் கையில எடுத்தியே, அன்னைக்கே அதைச் சொல்லிட்ட, ஏட்டி. இப்பத்தான் சொல்லுதன்னா நெனைக்க?" என்றார். மீசையில் ஒரு பக்கம் நான் கூடுதலாக எடுத்ததை ஏன் எழுதவில்லை என்று குறை வேறு சொன்னார். எழுதிவிட்டேன்.

கடைசியில் உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவன் நடுவுல வளத்தாலும் சரி, வழிச்சாலும் சரி. பிள்ளையைக் கையில வாங்கப் போற அன்னைக்கு மட்டும் வெந்நி வச்சு, அமுக்காம, நல்லா வழிச்சிட்டுப் போகச் சொல்லு. பிஞ்சுக் கன்னம், குத்தும்."